கொல்லைப்புறத்து டம்ளர்

"சினிமா பார்த்துத்தான் குடும்பங்கள் கெட்டுப் போகின்றன" என்று சொல்பவர்கள் உண்டு. "சினிமா பார்த்துத்தான் நான் குடும்பம் நடத்தவே கற்றுக் கொண்டேன்" என்று சொல்பவர்களும் உண்டு. என் மாமியார் இரண்டாவது ரகம். அவருக்கு நல்ல மனுஷி என்றால் சாவித்திரி. கெட்ட மனுஷி என்றால் அழும் சாவித்திரியைப் பார்த்தும் கண் கலங்காதவள்! கல்யாணமாகி மண்டபத்துக்கு நான் வந்த புதிதில், "பாசமலர் எத்தனை தடவை பார்த்திருக்கே?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. ஒரே தடவை என்றேன். மருமகளின் வளர்ப்பில் ஏதோ குறை என்பதுபோல் பார்த்தார்.

நான் ஹைஸ்கூலோடு படிப்பை நிறுத்தியவள். மளிகைக் கடைக்காரரின் மனைவி. சினிமாவை விமரிசனம் பண்ண எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். விமரிசனம் இல்லை சகோதரிகளே, ஒரு வாக்குமூலம். குடும்பப் படங்களைப் பார்த்து அரை நூற்றாண்டாக அழுகிற வீடு எங்களுடையது. அந்தக் கண்ணீர் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வரை வந்து சேரப் பல வருஷம் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆண்டெனாவும் அந்தக் கரையும்

எங்கள் கடற்கரைக்கு ஒரு விசேஷம் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரையைவிட இலங்கை கிட்டே! நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மொட்டை மாடியில் ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பினால் ரூபவாஹினி தெரியும். ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் முற்றத்தில் நின்று "போதும் போதும், முகம் தெரியுது!" என்று கத்த, மழை பெய்வதுபோலப் புள்ளி புள்ளியாகப் படம் வரும். அதற்கும் முன்னால், எங்கள் அம்மா காலத்தில், சமையல்கட்டில் இலங்கை வானொலிதான். தமிழ்நாட்டுப் பாட்டை அந்தக் கரையிலிருந்து வாங்கிக் கேட்டவர்கள் நாங்கள்.

பிற்பாடு எங்கள் பக்கமும் தூர்தர்ஷன் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குத் தெருவே ஒரு வீட்டில் கூடும். கூடத்தில் பாய் விரித்திருக்கும். வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி, சொந்தக்காரர்களுக்குப் பாய், மற்றவர்களுக்குத் திண்ணை ஜன்னல். படத்தில் பணக்காரன் ஏழையை அவமானப்படுத்தினால் நாற்காலியும் அழும், பாயும் அழும், ஜன்னலும் அழும். படம் முடிந்ததும் அவரவர் இடம் அவரவருக்கு. அப்போது அது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

நாம் அழுத படங்கள்

நம் குடும்பப் படங்களைக் கொஞ்சம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். டைரக்டர் ஏ. பீம்சிங் எடுத்த பாகப்பிரிவினை (1959), படிக்காத மேதை (1960), பாசமலர் (1961). இவற்றை அண்ணன் தங்கைப் பாசம், கூட்டுக் குடும்பப் பாசம் என்று மட்டுமே நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றிலும் பாசத்தோடு பணமும் உட்கார்ந்திருக்கிறது. பாசமலரில் தொழிலாளியாக இருந்த அண்ணன் முதலாளி ஆகிறான். தங்கை விரும்பியவனோ தொழிலாளிகள் பக்கம் நிற்கிறவன். அண்ணனின் நெஞ்சு கனப்பது தங்கையைப் பிரியப் போகிறோமே என்பதால் மட்டும் அல்ல, தன் வாசலில் கொடி பிடித்தவனுக்கு அவளைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதாலும்தான்.

படிக்காத மேதையில் பெரிய பணக்கார வீட்டில் ஒட்டிக் கொண்டு வளர்ந்த ரங்கன் (சிவாஜி). படிப்பு கிடையாது. சொத்தில் பங்கும் கிடையாது. வீடு நொடித்துப் போனபோது பெற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக் கொள்ள, உழைத்துத் தாங்குகிறவன் அந்த ரங்கன்தான். பெரியவராக ரங்காராவும் ரங்கனாக சிவாஜியும் வரும் காட்சிகளில் என் மாமியார் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கவே மாட்டார்.

1974-ல் பாலசந்தரின் அவள் ஒரு தொடர்கதை வந்தது. சம்பாதிக்கிற பெண் ஒருத்தியின் முதுகில் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கும் கதை. சுஜாதா நடித்த அந்தக் கவிதா, படம் முடியும்போதும் வேலைக்குத்தான் போகிறாள். கல்யாண மாலையில் முடியாத படம் என்று அப்போது ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு.

1986-ல் விசுவின் சம்சாரம் அது மின்சாரம். சிறந்த பொழுதுபோக்குப் படம் என்று தேசிய விருது வாங்கியது. அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் சம்பளப் பணத்தில் தகராறு முற்றி, வீட்டுக்கு நடுவில் கோடு விழும். மூத்த மருமகளாக வரும் லட்சுமி எல்லாவற்றையும் ஒட்ட வைத்துவிட்டு, கடைசியில் "சேர்ந்தே இருப்போம்" என்று சொல்லாமல், தள்ளி இருந்து அன்பாக இருப்போம் என்ற முடிவுக்கு வருவாள். என் மாமியாருக்கு அந்த முடிவு மட்டும் பிடிக்கவே பிடிக்காது! "நல்லாத்தானே கொண்டு போனான், கடைசியில கெடுத்துட்டான்" என்பார். எனக்கோ அந்த முடிவுதான் பிடிக்கும். இதை அவர் முன்னால் நான் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையைப் படித்தால் தெரிந்து கொள்ளட்டும்.

அந்தப் படத்தில் இன்னொரு மனுஷி உண்டு. வீட்டு வேலைக்காரி கண்ணம்மா, நம் மனோரமா ஆச்சி. முதலாளி வீட்டுப் பெண்ணுக்காகச் சம்பந்தி வீட்டில் புகுந்து அவள் போடும் போட்டில் தியேட்டரே கைதட்டியது. நானும் தட்டினேன். ஒரே ஒரு கேள்வி: நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் நம் சம்பந்தி முன்னால் அப்படி வாய் திறந்தால், கைதட்டுவோமா?

பாலுமகேந்திராவின் வீடு (1988) வேறு மாதிரி. சண்டை, கூச்சல், பாட்டு எதுவும் கிடையாது. வேலைக்குப் போகும் சுதா என்ற பெண் (அர்ச்சனா) தாத்தாவையும் தங்கையையும் வைத்துக் கொண்டு ஒரு சின்ன வீடு கட்ட முயல்கிறாள். பர்மிஷன், லோன், காண்ட்ராக்டர் என்று ஒவ்வொரு படியிலும் இடறுகிறாள். சொந்தக்காரர்கள் செய்யாத உதவியைச் செய்து அவளுக்குத் துணை நிற்பவள் சித்தாள் வேலை பார்க்கும் மங்கம்மா. வீடு கட்டியவர்களுக்கு இந்தப் படம் தெரியும். எங்கள் வீட்டு மாடியறை கட்டியபோது நானே சுதாவாகத்தான் அலைந்தேன்.

இத்தனை படத்திலும் பாருங்கள்... குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் பெரும்பாலும் பந்தியில் கடைசியில் உட்காருகிறவர். ரங்கன், கண்ணம்மா, மங்கம்மா. நாம் அழுவதெல்லாம் அவர்களுக்காகத்தான். அப்படி அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

முகாமிலிருந்து ஓர் அக்கா

மண்டபம் முகாம் பற்றி வெளியூர்ச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்களை நிறுத்தி வைத்து, நோய் நொடி பார்த்துக் கப்பலேற்றிய இடம் அது. அதனால்தான் எங்கள் ஊரில் "மண்டபம் கேம்ப்" என்றே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களுக்கு அதுவே முதல் கூரை ஆனது. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. 2022-ல் அங்கே பால் மாவுக்கும் அரிசிக்கும் திண்டாட்டம் வந்தபோது மறுபடியும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

2008 வாக்கில் முகாமிலிருந்து ஒரு அக்கா எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். மன்னார் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மீன் ஆய்வதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒரு கூடை சூடை மீனை நான் முகம் கழுவி வருவதற்குள் ஆய்ந்து, அலசி, உப்பு மஞ்சள் தடவி வைத்திருப்பார். தேங்காய்ப் பாலும் பழப்புளியும் விட்டு அவர் சொல்லிக் கொடுத்த சொதிதான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்கு. என் மகளுக்குத் தலை வாரிப் பின்னி விடுவதும் அவர்தான்.

அவருக்குக் காப்பி கொடுக்க ஒரு டம்ளர் இருந்தது. கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணி, அந்த ஆணியில் சணல் கயிறு கட்டித் தொங்கும் ஒரு பழைய அலுமினிய டம்ளர். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் எல்லாம் மாமியாரின் பெயர் வெட்டியிருக்கும். இதில் பெயர் கிடையாது. நான் உயரே தூக்கிக் காப்பியை ஊற்றுவேன். அவர் குடித்துவிட்டு அவரே கழுவி அவரே மாட்டி விடுவார். மாமியார் காலத்து வழக்கம். நான் கேட்டதும் இல்லை, மாற்ற நினைத்ததும் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். பொங்கலுக்குப் புடவை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நோட்டு, காய்ச்சல் என்றால் மருந்து... எல்லாம் கொடுத்தேன். டம்ளரை மட்டும் கொடுக்கவில்லை.

ஒன்பது வயசுக் கேள்வி

2002-ல் மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் வந்தபோது எனக்குக் கல்யாணமான புதிது. ராமநாதபுரத்துக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் கரையின் கதை அல்லவா! நந்திதா தாஸ் நடித்த ஷ்யாமா நிறைமாதத்தோடு படகில் ராமேசுவரம் கரையில் வந்து இறங்குகிறாள். முகாமில் பிள்ளை பெறுகிறாள். பிள்ளையை விட்டுவிட்டு மண்ணுக்கே திரும்பிப் போகிறாள். அந்தக் குழந்தையைத் தத்தெடுப்பதற்காகவே மாதவன் சிம்ரனைக் கல்யாணம் செய்து கொள்கிறார். ஒன்பதாவது பிறந்த நாளில் பெண்ணிடம் உண்மையைச் சொல்கிறார்கள். அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்ற தேசிய விருது கிடைத்தது. தியேட்டரில் நான் தேம்பியதில் என் வீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பத்து வருஷம் கழித்து, 2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே படம் டி.வி.யில். என் மகளுக்கு அப்போது சரியாக ஒன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் வழக்கம்போல் மூக்கை உறிஞ்சிக் கொண்டிருந்தேன். விளம்பரம் வந்தது. கொல்லைப்பக்கம் அக்கா காப்பி குடித்துக் கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. மகள் அங்கே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, அமுதா கேம்ப்ல பொறந்த பாப்பாதானே?"

"ஆமாடா."

"அப்ப அவ நம்ம வீட்டுக்கு வந்தா, அந்தத் தொங்குற டம்ளர்லதான் பால் குடுப்பீங்களா?"

சகோதரிகளே, அந்த நிமிஷம் என் கண்ணீர் நின்று விட்டது. "சத்தம் போடாம படத்தைப் பாரு" என்று அதட்டினேன். பதில் இல்லாத தாய் என்ன செய்வாளோ, அதைச் செய்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காப்பி எடுத்துக் கொண்டு கொல்லைக்குப் போனேன். பெரிய தியாகம் செய்கிறவள் போல நீட்டினேன். அக்கா டம்ளரைப் பார்த்தார், வாங்கவில்லை.

"வேண்டாம் தங்கச்சி. உங்கட மாமிக்குப் பிடிக்காது. பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல். என்ர டம்ளரிலேயே தாங்கோ."

"என்ர டம்ளர்" என்றார். நாலு வருஷத்தில் அது அவருடையதாகிப் போயிருந்தது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவர் பயந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அத்தையின் கதை

இனி மாமியாரிடம் பேசியாக வேண்டும். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நாலு நாள் தள்ளிப் போட்டேன். அப்போது எனக்குச் சினிமாதான் கைகொடுத்தது. மாமியாரிடம் சாவித்திரி பேச்சை எடுத்தால் தனுஷ்கோடியில்தான் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். ரயில் நிலையம், துறைமுகம், பள்ளிக்கூடம், தேவாலயம், தபாலாபீஸ் என்று ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் இருந்த ஊர் அது. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவுப் புயல் அத்தனையையும் வாரிக் கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து போன ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடல் விழுங்கியது. அந்தச் சமயம் ராமேசுவரத்துக்கு வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உயிர் தப்பினார்கள். "சாவித்திரி தப்பிச்சிட்டா. எங்க சின்னத்தை தப்பலை" என்பார் மாமியார். அப்போது அவருக்குப் பதினாலு வயது. உடுத்திய துணியோடு மண்டபம் வந்து சேர்ந்த குடும்பம்.

அன்று மத்தியானம் அவருக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டே கேட்டேன்: "ஏன் அத்தை, புயலுக்கப்புறம் இங்க வந்தப்ப முதல்ல யார் வீட்டுல சாப்பிட்டீங்க?"

"ஒரு மரைக்காயர் வீட்டுத் திண்ணையில ரெண்டு மாசம் கிடந்தோம்டி. அந்த வீட்டம்மா கஞ்சி குடுத்தாங்க. அவங்க புள்ளைங்க குடிக்கிற கும்பாவுலயே ஊத்திக் குடுத்தாங்க. எங்கம்மா கூச்சப்பட்டு வாங்க மாட்டேன்னாங்க. 'புள்ளைக்குப் பசிக்கும்போது கும்பாவைப் பார்க்காதே தங்கச்சி'ன்னு சொன்னாங்க."

சொல்லி விட்டு நிறுத்தினார். நான் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கிணற்றடியில் அக்கா மீன் அலசும் சத்தம் மட்டும் கேட்டது. மாமியார் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தார்.

இது சினிமாவாக இருந்தால் அவர் எழுந்து ஓடிப் போய் அக்காவைக் கட்டிக் கொண்டு அழுதிருப்பார். பின்னாலே வயலின் வாசித்திருப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் எதற்காகக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்து விட்டது. வயசானவர்களுக்கு மருமகளிடம் தோற்பது சுலபமா? நாலாம் நாள் காலை, துளசிக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டே, "அந்தக் கிணத்தடி ஆணியைப் பிடுங்கிடச் சொல்லு. வர்ற போறப்ப சேலையில மாட்டுது" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஆணி அவர் சேலையில் ஒரு நாளும் மாட்டியதில்லை. நானே போய்ப் பிடுங்கினேன்.

அதன் பிறகும் அக்கா உள்ளே வந்து எங்கள் டம்ளரில் குடிக்கப் பல மாதம் ஆயிற்று. முதலில் நின்று கொண்டே குடித்தார். பிறகு சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். மாமியாரும் அவரும் சேர்ந்து பழைய படம் பார்க்க ஆரம்பித்தது அதற்கும் பிறகு. ஒரு நாள் வந்து பார்க்கிறேன், படிக்காத மேதை ஓடுகிறது, இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு முந்தானை!

போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து பல குடும்பங்கள் ஊர் திரும்பின. அக்காவின் குடும்பமும் 2016-ல் மன்னாருக்குப் போய் விட்டது. விடை சொல்ல வந்த அன்று மாமியார் உள்ளே போய், ஒரு ஜோடி எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தார். தம் பெயர் வெட்டிய டம்ளர். "என் பேர் இருக்கு. வேணும்னா அழிச்சுட்டு உன் பேரை வெட்டிக்க" என்றார். "ஏன் மாமி அழிக்க வேணும்?" என்றார் அக்கா. அவ்வளவுதான் பேசினார்கள்.

சிம்ரனுக்கு இரண்டு வேஷம்

2025 மே மாதம் டூரிஸ்ட் ஃபேமிலி என்ற படம் வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல், புருஷன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகள் படகேறி ராமேசுவரம் கரையில் வந்து இறங்குகிறார்கள். சென்னையில் ஒரு தெருவில் தாங்கள் யார் என்பதை மறைத்துக் கொண்டு குடியேறுகிறார்கள். கதவைச் சாத்திக் கொண்டு வாழும் அந்தத் தெருவை, வந்தவர்கள் திறக்க வைக்கிறார்கள். சசிகுமார் அப்பா, சிம்ரன் அம்மா.

இப்போது என் மகள் பட்டதாரி. படம் வீட்டு டி.வி.க்கு வந்தபோது மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்த்தோம். நடுவில் அவள் சொன்னாள்: "அம்மா கவனிச்சீங்களா? அந்தப் படத்துல சிம்ரன் கேம்ப் குழந்தையை எடுத்து வளர்த்த மெட்ராஸ் அம்மா. இதுல அவங்களே படகில வந்த அம்மா." எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரே நடிகை வாசலுக்கு உள்ளேயும் நின்று விட்டார், வெளியேயும் நின்று விட்டார். என் மாமியாருக்கும் அதுதானே நடந்தது? பதினாலு வயதில் திண்ணையில் கிடந்தவர், பிற்பாடு அதே ஊரில் ஆணியில் டம்ளர் மாட்டினார். நாம் எல்லாருமே ஒரு புயல் தூரத்தில்தான் இருக்கிறோம்.

நம் படங்களில் மட்டும் அல்ல. வங்காளத்தில் சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த பதேர் பாஞ்சாலியில், ஏழை வீட்டிலேயே இன்னும் ஏழையாக ஒரு கிழ அத்தை இருக்கிறாள். இல்லாதவளான மருமகளே அந்தக் கிழவியை விரட்டுகிறாள். கேரளத்தில் 2021-ல் வந்த தி கிரேட் இந்தியன் கிச்சனில், படித்த பெண் ஒருத்தி புகுந்த வீட்டு அடுக்களையிலேயே தேய்ந்து போகிறாள். ஏழை, பணக்காரர் என்ற வகுப்பு தெருவில் மட்டுமா இருக்கிறது? ஒரே கூரைக்குக் கீழேயும் இருக்கிறது. யார் முதலில் சாப்பிடுகிறார்கள், மீன் தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு என்று பார்த்தாலே போதும்.

குழந்தைகளோடு படம் பார்க்கும்போது

இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. படத்தைக் காட்டிச் சோறூட்டும் பழக்கத்தை ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

2. சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள். 2024 முதல் யு/ஏ படங்களை 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காட்டுவதா வேண்டாமா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். குடும்பப் படம் என்று போஸ்டரில் போட்டிருந்தாலும் அடி உதை, குடி எல்லாம் இருக்கலாம்.

3. கூடவே உட்காருங்கள். பிள்ளையை டி.வி. முன்னால் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனால் கேள்வி கேட்க ஆள் இருக்காது. கேள்வி வராத படம் மனதில் தப்பாகத் தங்கி விடும்.

4. படம் முடிந்ததும், "யார் நல்லவங்க, யார் கெட்டவங்க?" என்று கேட்காதீர்கள். "இதில் வேலை செய்தவங்க யார்? கடைசியில் சாப்பிட்டவங்க யார்? நம்ம வீட்டுல அது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள்.

5. மருமகளை அறைந்து திருத்துவது, பொறுத்துப் போகிறவள்தான் உத்தமி என்பது மாதிரிக் காட்சிகள் பழைய படங்களில் நிறைய. "இது அந்தக் காலத்து நினைப்பு, தப்பு" என்று பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல படமாயிற்றே என்று சும்மா இருந்து விடாதீர்கள்.

6. பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்னைப் போல அதட்டாதீர்கள். "எனக்கும் தெரியலை கண்ணு, யோசிக்கிறேன்" என்று சொல்லலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அழுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அழுகிற மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கண்ணீர் தியேட்டர் வாசலிலேயே காய்ந்து விடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள் சகோதரிகளே. எழுந்து போய் உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை, சமையல்கட்டு ஜன்னலை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலையைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு டம்ளரோ தட்டோ இருக்கிறதா?

இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அடைக்கட்டுமா என்று கேட்டபோது, மாமியார்தான் "இருக்கட்டும்" என்று சொல்லி விட்டார்.